தாய்மாமன் நிற்கும் இடம்

தஞ்சாவூர்,
9.6.2024

அன்புத் தங்கை பொன்னாயிக்கு, அண்ணன் அர்த்தனாரி எழுதிக்கொண்டது.

நீயும் மாப்பிள்ளை குப்புசாமியும் மருமகள் தேன்மொழியும் உடம்பு சுகமாக இருக்கிறீர்களா? எனக்குக் காதைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. போனில் நீ பேசினால் வண்டு இரைகிற சத்தம்தான் கேட்கிறது. நீ என்னமோ சொல்ல, நான் என்னமோ சொல்ல, போன தடவை மாப்பிள்ளை சிரித்தது மட்டும் நன்றாகக் கேட்டது. அதனால் இனிமேல் கடிதம்தான்.

என் புத்தகம் வந்துவிட்டது. ‘மலையேறியோர் வரன்முறை’ என்று பெயர் வைத்திருக்கிறேன். இந்தச் சுவடி நூலகத்தில் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் அடுத்த ஊர் ராஜாக்களின் வரலாற்றைத்தான் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ராஜாவும் சூரியனுக்குப் பேரன், இல்லாவிட்டால் சந்திரனுக்குப் பேரன். ஓய்வு பெறும் சமயத்தில்தான் நம் தேவனூர் நாட்டைப் பற்றிய ஓலைக்கட்டு ஒன்று கைக்கு வந்தது. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் எந்தெந்த வகையறா மலையேறி வந்தது, அடிவாரத்துப் படைத்தலைவன் யார் யாருக்கு மலையைப் பட்டயம் எழுதிக் கொடுத்தான் என்று எல்லாம் அதில் இருக்கிறது. நம் சுனையார் வகையறாவும் இருக்கிறது. மாப்பிள்ளையின் கல்மேட்டார் வகையறாவும் இருக்கிறது.

கடைசியில் நான் எழுதியிருந்த விளக்கக் குறிப்புகளைப் பக்கம் கூடுகிறது என்று பதிப்பகத்தார் எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். குறிப்பை யார் படிக்கிறார்கள்?

சில பிரதிகள் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஆடிப் பதினெட்டுக்கு நாட்டுக்கூட்டம் கூடும்போது பட்டக்காரரிடம் கொடுத்துச் சபையில் வாசிக்கச் சொல். நாட்டுக்கே தலைவர் அவர், அவர் சொன்னால் எல்லோரும் உட்கார்ந்து கேட்பார்கள்.

தையில் தேன்மொழி கல்யாணம். பெண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்டிப் பந்தலுக்குக் கூட்டிவருவது தாய்மாமன். பிள்ளை குட்டி இல்லாத எனக்கு வாழ்க்கையில் மிச்சம் இருக்கிற ஒரே மரியாதை அதுதான். அதற்காகவாவது உடம்பைப் பார்த்துக்கொள்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

அண்ணன்
அர்த்தனாரி


தேவனூர் நாடு,
30.6.2024

மரியாதைக்குரிய அண்ணனுக்குப் பொன்னாயி எழுதுவது.

நாங்கள் எல்லாம் சுகம். போன தடவை போனில் இருமினீர்களே, அந்தச் சளி போய்விட்டதா? மிளகு ரசம் வைத்துக் குடியுங்கள். மிளகு தீர்ந்திருந்தால் எழுதுங்கள், பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

புத்தகம் வந்தது. உங்கள் மாப்பிள்ளை பண்ணுகிற அலம்பல் தாங்கவில்லை. ஒரு பிரதியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு செம்மேடு போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களிடமெல்லாம், "எங்க மச்சான் எழுதுனதுங்க, பேரு போட்டிருக்குது பாருங்க" என்று காட்டுகிறாராம். உள்ளே ஒரு வரி படித்தாரா என்று கேட்டால், "மச்சான் எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்கிறார்.

தேன்மொழி நாலு பக்கம் படித்துவிட்டு, மாமாவுக்குச் சின்ன வாக்கியம் எழுதவே தெரியாதா என்று கேட்கிறாள்.

மாப்பிள்ளைப் பையன் தமிழ்செல்வன் வீட்டார் திண்ணனூர் நாட்டிலிருந்து வந்து பாக்கு மாற்றிவிட்டுப் போனார்கள். பையன் முள்ளுக்குறிச்சியில் மோட்டார் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறான். அதிகம் பேசமாட்டான். நம் தேன்மொழி பேசுவதற்கு அப்படி ஒருத்தன்தான் தேவை.

பட்டக்காரரிடம் புத்தகத்தைக் கொடுத்தாயிற்று. சந்தோஷப்பட்டார். ஆடியில் வாசிக்கச் சொல்கிறேன் என்றார்.

உங்கள் மாப்பிள்ளை கேட்டதாக எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

தங்கை
பொன்னாயி


தஞ்சாவூர்,
12.8.2024

அன்புள்ள பொன்னாயிக்கு,

சுகமா? ஆடிப் பதினெட்டு போய்விட்டது. ஒரு வரி இல்லை. நான் தபால்காரரைப் பார்க்கிற பார்வையில் அவர் தெருவை மாற்றிக்கொண்டு போகிறார்.

வாசித்தார்களா? எந்த இடத்தில் சபை நிமிர்ந்து உட்கார்ந்தது? படைத்தலைவன் வருகிற இடமாகத்தான் இருக்கும். குதிரையில் இருந்தபடியே, "இந்த மலையைக் கேட்கிற நீங்கள் யார்?" என்று கேட்கிறான். சுனையாரில் ஒருவரும் கல்மேட்டாரில் ஒருவரும் முன்னால் வந்து, "நாங்கள் ஒருதாய் மக்கள்" என்கிறார்கள். அந்த ஓலையைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் ஆட்கள் பேசினது ஐந்நூறு வருஷம் கழித்து என் செவிட்டுக் காதில் விழுந்தது போல இருந்தது.

தேன்மொழிக்குக் கூறைப்புடவை நெய்யச் சொல்லிவிட்டேன். அரக்கில் மஞ்சள் கரை. அவளிடம் இப்போது சொல்லாதே.

மாப்பிள்ளையையும் ஒரு வரி எழுதச் சொல்.

அண்ணன்
அர்த்தனாரி


தேவனூர் நாடு,
19.9.2024

அண்ணனுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

மழை விடாமல் பெய்கிறது. சாமை சாய்ந்துவிட்டது. குச்சிக்கிழங்கு பரவாயில்லை. அதனால்தான் கடிதம் எழுத முடியவில்லை.

புத்தகம் வாசித்தார்கள். எல்லோரும் கேட்டார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த ஒருதாய் மக்கள் என்று வருவது ஓலையில் அப்படியேதான் இருக்கிறதா? நீங்கள் அழகுக்குச் சேர்த்து எழுதினதா? நீங்கள் சேர்த்ததாக இருந்தால் அதைத் தெளிவாக எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

பொன்னாயி


தஞ்சாவூர்,
25.9.2024

அன்புள்ள பொன்னாயிக்கு,

உன் கடிதம் கண்டு உடம்பில் புது ரத்தம் ஓடுகிறது. சாமை போனால் போகட்டும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட என் தங்கை என்னைப் பார்த்துச் சுவடியில் சந்தேகம் கேட்கிறாள். இதைவிட எனக்கு என்ன பரிசு வேண்டும்?

நான் ஒரு எழுத்துக்கூடச் சேர்க்கவில்லை. ஓலையில் இருக்கிறபடியே இருக்கிறது. யார் கேட்டாலும் இந்தக் கடிதத்தைக் காட்டு. என் பெயரைச் சொல்லி அடித்துச் சொல். அர்த்தனாரி ஓலைக்குத் துரோகம் செய்யமாட்டான்.

ஆக, மாப்பிள்ளையும் நானும் ஐந்நூறு வருஷமாக அண்ணன் தம்பி. நல்லவேளை, ஓலை கிடைப்பதற்கு முன்னாலேயே உன்னை அவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டோம். இல்லாவிட்டால் உன் பாடு திண்டாட்டமாகியிருக்கும். இதை அவரிடம் சொல், விழுந்து விழுந்து சிரிப்பார்.

கூறை தறியில் ஏறிவிட்டது.

அண்ணன்
அர்த்தனாரி


தேவனூர் நாடு,
28.10.2024

மாமாவுக்குத் தேன்மொழி எழுதுவது.

நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா மாமா? இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் என் தோலை உரித்துவிடும்.

ஆடிக் கூட்டத்தில் புத்தகம் வாசித்தபோது ஒருதாய் மக்கள் என்கிற இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள். ஒரு பெரியவர் எழுந்து, "அப்ப சுனையாரும் கல்மேட்டாரும் பங்காளிங்களா? பங்காளி ஊட்டுப் பொண்ணையா குப்புசாமி கட்டியிருக்குறான்?" என்று கேட்டார். இரண்டு வகையறாவுக்கும் நடுவில் கல்யாணம் நடந்தது நம் வீட்டில் மட்டும்தான். பட்டக்காரர் நல்லவர் மாமா. அவசரப்படாமல், "எழுதுனவரையே கேட்டுப்போடலாம்" என்றார். அதனால்தான் அம்மா உங்களிடம் அப்படிக் கேட்டது.

உங்கள் பதில் வந்தது. அம்மா படித்துவிட்டு அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்திருந்தது. அதை மறைத்துவிடலாம் என்று நான் சொன்னேன். அப்பா கேட்கவில்லை. சபையில் வாக்குக் கொடுத்தாயிற்று என்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். கடைசியில் நீங்கள் எழுதியிருந்த தமாஷையும் சேர்த்து வாசித்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

கோயிலுக்கு நம் வீட்டுப் பொங்கல் பானையை வாங்கவில்லை. அப்பா காட்டுக் குடிசையில் படுத்துக்கொள்கிறார். வீட்டுக்குள் வந்தால் அம்மாவை என்னவென்று நினைப்பது என்று கேட்கிறார். தமிழ்செல்வன் வீட்டில், முறை தவறின கல்யாணத்தில் பிறந்த பெண்ணை எப்படி எடுப்பது என்று பெரியவர்கள் யோசிக்கிறார்கள். அவர் மட்டும் காத்திருக்கிறேன் என்று சொல்லியனுப்பினார்.

நீங்கள் எனக்கு இனிமேல் மாமா இல்லையாம், பெரியப்பாவாம். எனக்கு வாய் வரவில்லை. ஏதாவது செய்யுங்கள் மாமா.

தேன்மொழி


தஞ்சாவூர்,
2.11.2024

பொன்னாயி,

சுகம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

பிள்ளை எழுதியிருந்தாள். அவளைத் திட்டாதே. நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை? மழை, சாமை, கிழங்கு என்று எழுதினாயே. நீ கேட்ட கேள்விக்குள் உன் குடும்பம் இருந்தது, எனக்கு என் பெருமைதான் தெரிந்தது.

இப்போதாவது கேள். அந்தக் காலத்து வரலாறு எழுதினவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கூட்டாக நிலம் வாங்கினவர்களை ஒருதாய் மக்கள் என்று எழுதிவிடுவார்கள். சண்டையில் ஒரு பக்கம் நின்றவர்களை அண்ணன் தம்பி ஆக்கிவிடுவார்கள். தனித்தனி ஆளாகப் போய்க் கேட்டால் மலை கிடைக்காது, ஒரே குடும்பம் என்றால் கிடைக்கும். அதனால் எங்கெங்கிருந்தோ வந்து ஒன்றாகக் காடு வெட்டின இரண்டு பேர் அந்தக் குதிரைக்கு முன்னால் அண்ணன் தம்பி ஆனார்கள். ரத்தத்தால் ஆகவில்லை, தேவையால் ஆனார்கள். இந்த மாதிரி நான் எத்தனையோ சுவடிகளில் பார்த்திருக்கிறேன். விளக்கக் குறிப்பில் விரிவாக எழுதியும் இருந்தேன். அந்தக் குறிப்பைத்தான் யார் படிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். செத்துப்போனவர்களைப் பற்றித்தானே எழுதுகிறோம் என்று நினைத்துவிட்டேன் பொன்னாயி. அந்த ஓலைக்குக் கீழே உயிரோடு என் தங்கை இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதையெல்லாம் பட்டக்காரருக்கும் விவரமாக எழுதிவிட்டேன். நானே நேரில் வந்து சபையில் சொல்கிறேன். அடுத்த வாரம் புறப்படுகிறேன். மாப்பிள்ளையை வீட்டுக்குள் வந்து படுக்கச் சொல்.

அர்த்தனாரி


தேவனூர் நாடு,
8.11.2024

மரியாதைக்குரியவருக்கு,

குப்புசாமி எழுதுகிறேன். மச்சான் என்று எழுதினால் ஊருக்கு ஆகாது. அண்ணா என்று எழுதினால் என் பெண்சாதி எனக்கு யார் என்று ஆகும். அதனால் ஒன்றும் போடாமல் தொடங்கியிருக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பட்டக்காரருக்கு எழுதின கடிதத்தைச் சபையில் வாசித்தார்கள். எனக்குப் பாதி புரிந்தது. புரிந்த வரைக்கும் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருத்தர் கேட்டார், "ஊருக்கெல்லாம் அச்சுப் போட்டப்ப ஒண்ணு எழுதுனாரு. தங்கச்சி குடும்பம்னு தெரிஞ்சதும் வேற எழுதுறாரு. எதைங்க நம்புறது?" என்று. வேறு படித்தவர் யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள். நீங்கள் பெண்ணுக்கு மாமன் என்பதால் உங்கள் பேச்சு எடுபடவில்லை.

நீங்கள் வர வேண்டாம். வந்தால் கெஞ்ச வந்ததாகத்தான் பேசுவார்கள். பட்டக்காரர் ஒரு வழி சொல்லியிருக்கிறார். பொன்னாயி இன்னும் சம்மதிக்கவில்லை.

நீங்கள் எழுதின புத்தகத்தை நான்தான் பஸ்ஸில் எல்லோருக்கும் காட்டினேன். எனக்கும் இதில் பங்கு உண்டு.

குப்புசாமி


தஞ்சாவூர்,
14.12.2024

அன்புள்ள பொன்னாயிக்கு,

சுகமாக இருக்கிறாயா? இது நான் எழுதுகிற மூன்றாவது கடிதம். முன்னே எழுதின இரண்டும் கைக்கு வந்ததா என்றாவது ஒரு கார்டு போடு.

பட்டக்காரர் சொன்ன வழி எதுவோ, அதற்குச் சம்மதித்துவிடு. அபராதமா, கோயிலுக்குக் காணிக்கையா, நான் சபையில் விழுந்து கும்பிட வேண்டுமா, எதுவானாலும் சரி. எனக்காக யோசிக்காதே.

பதிப்பகத்தாரைப் போய்ப் பார்த்தேன். இரண்டாம் பதிப்பு போடுகிறார்கள். விட்டுப்போன குறிப்பு முழுவதும் அதில் வரும், முன்னாலேயே வரும். சுனையாரும் கல்மேட்டாரும் பங்காளிகள் இல்லை என்று பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். தை பிறப்பதற்குள் அச்சாகிவிடும். அதைச் சபையில் யாரும் மறுக்க முடியாது.

கூறைப்புடவை வந்து அலமாரியில் இருக்கிறது. எடுத்துப் பார்க்க மனசு வரவில்லை.

அண்ணன்
அர்த்தனாரி


தேவனூர் நாடு,
5.1.2025

என் அண்ணனுக்குப் பொன்னாயி எழுதுவது.

உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்தன அண்ணா. எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்தேன். சுகமா என்று எழுதுவேன், அதற்கு மேல் வராது. இன்றைக்கு எழுதியே ஆக வேண்டும்.

பட்டக்காரர் சொன்ன வழி இதுதான். பிறந்த வீட்டை மாற்றிக்கொள்வது. நான் சுனையார் வீட்டுப் பெண்ணாக இருந்தால்தானே முறை தவறுகிறது? வேறு வகையறாவில் ஒரு வீட்டார் என்னை மகளாக எடுத்துக்கொண்டால் தவறு போய்விடும் என்றார். பலாக்காட்டார் வகையறாவில் சின்னுசாமி என்று ஒருவர், அவர் வீட்டில் ஒத்துக்கொண்டார்கள். நான் முடியாது என்று பிடிவாதமாக இருந்தேன். உங்கள் மாப்பிள்ளை வற்புறுத்தவில்லை. தேன்மொழியும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் சாப்பிடாமல் வேலைக்கு மட்டும் போய்வந்துகொண்டிருந்தாள். கார்த்திகை முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் சரி என்றேன்.

மார்கழி பிறப்பதற்கு முன்னால் நடந்தது. அவர்கள் வாசலில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். புதுச் சேலை கொடுத்தார்கள். அவர்கள் வீட்டுப் பானையில் பொங்கின சோறு சாப்பிட்டேன். அதற்கு முன்னால் சாமிக்கு முன்னால் நின்று, சுனையார் வீட்டில் எனக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, கூடப்பிறந்தவனும் இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னேன் அண்ணா. அம்மாவையும் அப்பாவையும் சொல்லிவிட்டேன், அவர்கள் போய்ச் சேர்ந்தவர்கள். கூடப்பிறந்தவன் இல்லை என்று வாய்க்குள்ளேயே சொன்னேன். சத்தமாகச் சொல்லம்மா என்றார்கள். சத்தமாகச் சொன்னேன்.

பிறகு அவர் எனக்குத் திரும்பவும் தாலி கட்டினார். கல்யாணத்துக்கு மகள் இருக்கிற வயதில் எனக்குக் கல்யாணம். இப்போது வீட்டில்தான் படுத்துக்கொள்கிறார்.

தேன்மொழிக்குத் தை கடைசியில் முகூர்த்தம். தமிழ்செல்வன் வீட்டில் மனசாரச் சம்மதித்துவிட்டார்கள். மாமன் பட்டம் சின்னுசாமி கட்டுகிறார். நல்ல மனிதர். நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் திருடினவர் மாதிரி கூச்சப்பட்டுக்கொண்டு நிற்கிறார்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் குறிப்பை அச்சில் போடாதீர்கள் அண்ணா. நாங்கள் பங்காளி இல்லை என்று புத்தகம் வந்தால், அப்படியானால் இந்தச் சடங்கெல்லாம் எதற்கு என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அப்புறம் நான் எந்த வீட்டுப் பெண்? தேன்மொழியை மறுபடியும் சபையில் இழுப்பார்கள். நீங்கள் எழுதினது உண்மைதான் என்று எனக்குத் தெரியும். அது எனக்குத் தெரிந்தால் போதும்.

கல்யாணத்துக்கு வரவேண்டாம் அண்ணா. நீங்கள் கூட்டத்தில் எங்காவது நிற்பதைப் பார்த்தால் நான் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். அண்ணா என்று இனிமேல் எழுதமாட்டேன். அதனால்தான் இந்தக் கடிதத்தில் அதிகமாக எழுதியிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பொன்னாயி


தஞ்சாவூர்,
20.1.2025

தேவனூர் நாடு, கல்மேட்டார் வகையறா திரு. குப்புசாமி அவர்களுக்கும், பலாக்காட்டார் வீட்டுப் பெண் திருமதி பொன்னாயி அவர்களுக்கும்,

வணக்கம். தாங்கள் குடும்பத்துடன் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கு எனக்கு எந்தக் குறையும் இல்லை.

தங்கள் மகள் திருமண விவரம் அறிந்து மகிழ்ந்தேன். தங்கள் மலையைப் பற்றிப் புத்தகம் எழுதியவன் என்ற முறையில் என் வாழ்த்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். பட்டக்காரர் கேட்டால் தாங்கள் இந்த முதல் தாளை மட்டும் காட்டலாம்.

புத்தகத்தின் இரண்டாம் பதிப்பை நிறுத்திவிட்டேன். அச்சான தாள்களைப் பதிப்பகத்தார் எடைக்குப் போட்டுவிட்டார்கள். முதல் பதிப்பில் உள்ளதே சரி என்று எழுதியும் கொடுத்துவிட்டேன். ஓலையில் ஒருதாய் மக்கள் என்றுதான் இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். இத்தனை வருஷம் அந்த வரலாறுகளைப் படித்தேன். குதிரைக்கு முன்னால் அண்ணன் தம்பி ஆனவர்களைப் பற்றி மட்டும்தான் அவற்றில் எழுதியிருக்கிறார்கள். அதற்காக யாரை இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார்கள் என்று எந்த ஓலையிலும் இல்லை. நானும் கேட்டதில்லை.

இத்துடன் ஒரு கூறைப்புடவை அனுப்பியிருக்கிறேன். பெயர் போடவில்லை. தஞ்சாவூர்க் கடையில் வாங்கினதாகச் சொல்லிக்கொள்ளலாம். பிடித்தால் கட்டட்டும்.

பட்டம் கட்டப்போகிற திரு. சின்னுசாமி அவர்களிடம் ஒன்று சொல்லிவையுங்கள். நெற்றியில் இறுக்கிக் கட்ட வேண்டாம். பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே நெற்றியில் எதை இறுக்கிக் கட்டினாலும் தலைவலி வந்துவிடும், எவ்வளவு பேசினாலும் அதை மட்டும் வாய் திறந்து சொல்லமாட்டாள். கொஞ்சம் தளர்வாக, ஒரு விரல் நுழைகிற மாதிரி கட்டினால் போதும்.

இது புத்தகம் எழுதினவனுக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால், எங்கோ கேள்விப்பட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அர்த்தனாரி
தஞ்சாவூர்